ஆம்பூர்ப் பிரியாணி

நாவலுக்கும் கச்சேரிக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிற நாம், சாப்பாட்டை மட்டும் "நன்றாயிருந்தது", "சுமார்தான்" என்ற இரண்டு சொற்களில் தீர்த்துக் கட்டிவிடுகிறோம். ஆம்பூரில் ஒரு பகல் சாப்பிட்டது முதல், இது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது ஆம்பூர். தோல் பதனிடும் ஊர்; செருப்பும் பூட்சும் தைத்துக் கடல் கடந்து அனுப்பும் ஊர். நான் நுழைந்தது நீள பெஞ்சு போட்ட சின்னக் கடை. உட்கார்ந்ததும் பையன் கேட்டான்: "மட்டனா சார், பீஃபா?" நான் மட்டன் என்றேன்.

ஐதராபாத்துக்காரர்கள் நீள பாசுமதி அரிசியில் செய்வதை இங்கே சீரகச் சம்பாவில் செய்கிறார்கள். சின்ன அரிசி, சாற்றை நன்றாக இழுத்துக்கொள்ளும். காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைத்த விழுதுதான் காரத்துக்கு. கறியைத் தனியாக வேகவைத்து, அரைவேக்காட்டில் வடித்த சோற்றை அதோடு சேர்த்து, மூடியின்மேல் தணல் போட்டுத் தம் கட்டுகிறார்கள். மசாலா முன்னே வந்து நின்று கூச்சல் போடுவதில்லை. தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். கத்தரிக்காய்தான் இந்தச் சாப்பாட்டின் மூளை என்பேன். நெய்யும் கொழுப்பும் திகட்டும் சமயம் பார்த்து வந்து அது நாக்கைத் துலக்கிவிடுகிறது. குறையும் உண்டு. என் தட்டுக்கு வந்தது அடிச்சோறு. எண்ணெய் கொஞ்சம் அதிகம்.

"காரம் போதவில்லையே?" என்றேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம். ஷூ கம்பெனியில் வேலை செய்பவர். அவர் தட்டில் பீஃப்.

"காரத்தைத் தூக்கிட்டா கறி ருசி எங்க சார் தெரியும்?" என்றார்.

நான் நான்கு வாக்கியத்தில் சொன்னதை அவர் ஒன்றில் சொல்லிவிட்டார்.

2022 மே மாதம், திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. அதில் பீஃப் பிரியாணிக்கு இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பிற்று. மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. நிர்வாகத்தின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. எல்லாரையும் திருப்தி செய்ய நினைத்திருப்பார்கள். ஆனால் மாட்டுத் தோலில் பிழைக்கிற ஊரில், அந்தத் தோலைத் தொட்டு வேலை செய்கிறவரின் தட்டை மட்டும் ஒளித்து வைத்துவிட்டு ஊர்ப் பெயரை வாழ்த்துவது, கதாநாயகனை நீக்கிவிட்டு நாவலைப் புகழ்வது மாதிரி அல்லவா?

இத்தனையும் எழுதிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பையன் கேட்டபோது நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வாய் தானாக "மட்டன்" என்றது. பெரியவர் சாப்பிட்டதை நான் ருசி பார்க்கவில்லை. ஆகையால் இதையும் பாதி விமர்சனம் என்றே வாசகர்கள் கொள்ள வேண்டும்.