நாலு நாள் பாலுக்கு யார் காசு தருவது?

வேடசந்தூர் பக்கம் எங்கள் வீட்டில் ரெண்டு மாடு நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் ஒன்றுக்கு மடிநோய் வந்தது. மடி கல் மாதிரி இறுகி, ஒரு காம்பில் திரிதிரியாகப் பால் வந்தது. ஊசி போட்டோம், நாலு நாளில் தேறிவிட்டது. மருந்துப் புட்டியில் இருந்த பொடி எழுத்தை நான் கண்ணாடி போட்டுப் படித்தேன்: கடைசி ஊசிக்குப் பிறகும் சில நாள் பாலை விற்கக் கூடாது. அம்மாவிடம் சொன்னேன். "கீழ ஊத்திப்புட்டு தவிட்டுக்கு எங்கப்பா போறது?" என்றார். நோய் வந்த காம்பின் பாலை மட்டும் கீழே விட்டோம். மற்ற மூன்று காம்பின் பால் வழக்கம்போல கேனில் போனது. அங்கே கொழுப்பு பார்த்தார்கள், எஸ்என்எஃப் பார்த்தார்கள், காசு கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் 2017 ஏப்ரலில் வெளியிட்ட, மருந்து எதிர்ப்புக்கான தேசிய செயல் திட்டத்தை (2017–2021) இந்தக் குற்ற உணர்வோடுதான் படித்தேன். இரண்டாவது திட்டமும் 2025 நவம்பரில் வந்துவிட்டது. ஆனாலும் காலம் முடிந்த ஒன்றைத்தான் நிதானமாக எடை போட முடியும்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் மூன்றும் ஒரே சங்கிலி என்று அது தெளிவாகப் பேசுகிறது. இது சரியான அறிவியல். மாட்டுச் சாணத்தில் தப்பிப் பிழைத்த பாக்டீரியா எருவாக வயலுக்குப் போகும். எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பாக்டீரியாவுக்குக் கைமாற்றிக் கொடுக்கும். நாங்கள் கோடு காப்பி அடிக்கிற மாதிரிதான், என்ன கோடு என்று படித்துக்கூடப் பார்க்காது. 2010-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் என்டிஎம்-1 பற்றிய கட்டுரை வந்தபோது சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. நாம் அப்போது மரபணுவுக்கு ஏன் புது டெல்லி பெயரை வைத்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. திட்டத்தின் ஆறு முன்னுரிமைகளில் முதலாவது விழிப்புணர்வு. அதாவது ஜனங்களுக்குத் தெரியாததுதான் பிரச்சினையாம். எங்கள் வீட்டில் தெரிந்துதான் ஊற்றினோம்! கொட்டச் சொல்கிற பாலுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த ஆவணத்தில் பதில் தேடினேன், கிடைக்கவில்லை. கறிக்கோழிப் பண்ணையிலும் இதே கதைதான். ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி இறக்கிவிடுகிறது. கொட்டகைக்காரருக்கு வளர்ப்புக் கூலி. தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்று முடிவெடுக்காத ஆளுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தி என்ன ஆகப்போகிறது?

எது வேலை செய்யும் என்பதற்கு கோலிஸ்டினைப் பார்க்கலாம். மற்ற மருந்துகள் தோற்றபின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் எடுக்கிற மருந்து அது. அதைக் கோழி சீக்கிரம் கொழுக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2015-ல் சீனாவில் கோலிஸ்டினுக்கு எதிரான எம்சிஆர்-1 மரபணு கண்டறியப்பட்டது, பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரருக்குப் பாடம் எடுக்கவில்லை. உற்பத்தி செய்கிற இடத்தில் கை வைத்தார்கள்.

மடிநோய்க்கு மாற்று இல்லாமலும் இல்லை. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசுவது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை, தேசிய பால்வள வாரியமும் எடுத்துக்கொண்டது. அடுத்த தடவை ஆரம்பத்திலேயே கவனித்து இதைச் செய்தோம், கேட்டது. ஒரு மாட்டு அனுபவம்தான், ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு எட்டு, பத்து தடவை மடியைக் கழுவிக் கழுவிப் பூச வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா அதை எப்படிச் செய்வார்? ஊசியின் கவர்ச்சி அதன் வேகம்தான்.

மூன்றாவது கால், அதாவது சுற்றுச்சூழல், ரொம்பவே நொண்டுகிறது. மருந்து ஆலைக் கழிவுநீரில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று 2020 ஜனவரியில் வரைவு விதி வந்தது. 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகளைக் காணோம். திண்டுக்கல்காரனுக்கு இது நன்றாகவே உறைக்கும். தோல் ஷாப்புக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன ஊர் இது. அந்தத் தோல் ஷாப்புகளும் சேர்ந்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. கிணறு திரும்பிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் செலவு யாருடையது என்பதையாவது அந்தத் தீர்ப்பு எழுதி வைத்தது.

செயல் திட்டம் எழுதாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான். கால்நடை மாநிலத்தின் பொறுப்பு, பொது சுகாதாரமும் அப்படியே. 2018-ல் கேரளம் தனக்கென்று ஒரு திட்டம் போட்டது, பிறகு மத்தியப் பிரதேசம், டெல்லி. முதல் திட்டத்தின் ஐந்து வருஷத்தில் அந்தப் பட்டியல் அதற்கு மேல் பெரிதாக நீளவில்லை.

எங்கள் ஊரில் ஒரு மாட்டின் நாலு நாள் பால், நாளைக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால், முப்பத்திரண்டு லிட்டர். லிட்டருக்கு முப்பத்தைந்து ரூபாய் போட்டாலும் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். மாட்டு இன்சூரன்ஸில் மாடு செத்தால் பணம் உண்டு. கொட்டின பாலுக்கு இல்லை. போன வாரம் அம்மா கூப்பிட்டார், இளையதுக்கு மடி சூடாக இருக்கிறதாம். கற்றாழை வெட்டியாச்சா என்று கேட்டேன். சாயங்காலம் ஊசிக்காரரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.