அந்தக் கேக் யார் கணக்கில்?

கல்யாணமாகி ஒன்பதாவது வருஷத்தில் நான் ஒரு பொய் சொன்னேன்.

கொடைக்கானலில் ஒரு ஹோட்டல். போனில் ரூம் பதிவு செய்யும்போது, 'ஏதாவது விசேஷமா சார்?' என்று கேட்டார்கள். 'ஹனிமூன்' என்றேன். மகனைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு நானும் மனைவியும் கிளம்பிய இரண்டு நாள் பயணம் அது. வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு நண்பர். 'அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்க, ரூமே மாறிடும்' என்றிருந்தார்.

மாறியது. சாதா ரூமுக்குக் காசு கட்டியிருந்தோம். கிடைத்ததோ ஏரியைப் பார்த்த பெரிய ரூம். கட்டிலில் ரோஜா இதழ்களால் ஒரு இதயம். டவலை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள். மேஜை மேல் அரைக் கிலோ கேக். 'புதுமணத் தம்பதிக்கு வாழ்த்துகள்' என்று ஒரு அட்டை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன்.

நான் பி.காம். படித்தவன். இலவசம் என்று யாராவது சொன்னால், அது யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று தேடுகிற புத்தி. தேடினேன்.

ஹோட்டல் ரூம் என்பது தக்காளி மாதிரி. தக்காளியாவது இரண்டு நாள் தாங்கும். ரூம் ஒரே ராத்திரியில் அழுகிவிடும். இன்று விற்காத ரூமை நாளை சேர்த்து விற்க முடியாது. ஏழாயிரம் ரூபாய் ரூம் காலியாகக் கிடந்தால் வரவு பூஜ்யம். நாலாயிரம் கொடுத்த உங்களை அதில் ஏற்றிவிட்டால், நீங்கள் காலி செய்த நாலாயிரம் ரூபாய் ரூமை இன்னொருவருக்கு விற்கலாம். கூடுதல் செலவு? கொஞ்சம் கரண்ட், கொஞ்சம் சலவை. பதிலுக்கு நீங்கள் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவீர்கள். உங்கள் முதல் கல்யாண நாளுக்கும் அங்கேயே வருவீர்கள். பாசமெல்லாம் இல்லை சார். சுத்தமான வியாபாரம்.

விமானத்திலும் இதே கதைதான். சாதா வகுப்பில் இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டால் சிலரை மேல் வகுப்புக்கு மாற்றுவார்கள். அதிலும் அடிக்கடி பறக்கிறவருக்கும் அதிகக் காசு கொடுத்தவருக்கும்தான் முதல் மரியாதை. கழுத்து மாலையையும் கை மருதாணியையும் கம்ப்யூட்டர் பார்க்காது.

நம்ம ரயில்வே இந்த விஷயத்தில் நேர்மை. 2006-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மேல் வகுப்பில் பெர்த் காலியாக இருந்தால், சார்ட் போடும்போது முழுக் கட்டணம் கொடுத்த சிலரைக் கம்ப்யூட்டரே மேலே ஏற்றிவிடும். கல்யாணம் ஆச்சா, எப்போ ஆச்சு என்று ஒரு கேள்வி கிடையாது.

மாலத்தீவுக்காரர்கள் இன்னும் உஷார். என்னை மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. அங்கே பல ரிசார்ட்டுகளில் தேனிலவுச் சலுகை வேண்டுமென்றால் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். கல்யாணம் ஆகி ஆறு மாதமோ ஒரு வருடமோ தாண்டியிருக்கக் கூடாது. குறைந்தது இத்தனை ராத்திரி தங்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் 2009-ம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அதை முடித்துவிட்டு அன்னப்பறவைக்கு ஆசைப்படுங்கள்.

சரி, கொடைக்கானலுக்கு வருவோம். சாயங்காலம் வென்னீர் ஃபிளாஸ்க் கொண்டுவந்தார் ரூம் பாய். பாய் என்பது பேருக்குத்தான். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். 'பூவெல்லாம் நான்தாம்மா வெச்சேன். பிடிச்சிருக்கா? மகராசியா இருங்க' என்றார். மனைவிக்கு வார்த்தை வரவில்லை. நான் பேச்சுக் கொடுத்தேன். அன்றைக்கு மூன்று ஹனிமூன் ரூமாம். இதழைப் பிரித்து, அடுக்கி, அன்னம் மடித்து முடிக்க, டியூட்டி முடிந்தும் இரண்டு மணி நேரம் கூட இருந்திருக்கிறார்.

'அதுக்குத் தனியா ஏதாவது குடுப்பாங்களா?'

'அது ரூமோட சேர்ந்ததுங்க சார்.'

நான் தேடிய கணக்கு கிடைத்துவிட்டது. கேக்குக்கு ஹோட்டலிடம் பில் இருக்கும். கரண்டுக்கு மீட்டர் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் எந்த நோட்டிலும் ஏறாது. இலவசத்தை எனக்குக் கொடுத்தது ஹோட்டல் முதலாளி இல்லை. அவர்தான் கொடுத்தார். அவரிடம்தான் நான் பொய் சொல்லி வாங்கியிருந்தேன்.

ராத்திரி மனைவி சொன்னாள். 'கல்யாணமான நாலாம் நாளே நீங்க ஆபீஸ் போயிட்டீங்க. நாம எங்கேயுமே போகலை. அதனால இதை ஹனிமூன்னு சொன்னது பொய்யில்ல. புதுசுன்னு நினைக்க வெச்சதுதான் பொய். காலையில அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிடுவோம்.'

சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். 'நேத்தே தெரியும்மா. பையனுக்கு போன் போட்டு, பாட்டியைப் படுத்தாம சாப்பிட்டியான்னு கேட்டீங்களே.' ரூபாயை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த கேக்கைக் கட்டிக் கொடுத்தாள் மனைவி.

சலுகை கேட்பது தப்பே இல்லை. சீசன் இல்லாத மாதத்தில், வார நடுவில், ஹோட்டலுக்கே நேரடியாகப் பேசிக் கேளுங்கள். ஏஜென்ட் கமிஷன் மிச்சமாவதால் அவர்களுக்கும் மனசு வரும். உள்ளதைச் சொல்லியே கேளுங்கள். 'ஒன்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் சார் முதல் தடவையா வர்றோம்' என்று நான் சொல்லியிருந்தால் அந்த ரூம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். சாதா ரூமிலும் மனைவி அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள்.

கட்டிலில் பூ இருந்தால் மட்டும் ஒன்று செய்யுங்கள். வைத்த கை யாருடையது என்று விசாரியுங்கள். அந்தக் கையில் ஏதாவது வையுங்கள்.