ஆளற்ற சாலையும் ஆளுள்ள நிலமும்

பயண இலக்கியத்தில் வேகத்திற்கும் பார்வைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விமானத்தில் செல்பவர் நாடுகளைக் காண்கிறார். இரயிலில் செல்பவர் ஊர்களைக் காண்கிறார். மிதிவண்டியில் செல்பவரோ மனிதரைக் காணும் வாய்ப்பைப் பெறுகிறார். வாய்ப்பைப் பெறுகிறார் என்றுதான் கூறலாமே தவிர, கண்டே தீர்வார் என்று கூற இயலாது. கண்டாரா இல்லையா என்பதை அவர் எழுதிய நூலே காட்டும்.

மோட்டார் வண்டிகளின் இரைச்சல் இல்லாத பாதை, அதன் ஓரமாக ஓடும் ஆறு, ஆற்றைக் கடந்தால் மழை குறைந்த பரந்த புல்வெளி - மிதிவண்டிப் பயணிகள் விரும்பித் தேடும் நிலம் இதுவே. இத்தகைய நிலங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த எழுத்துகளைத் தமிழ் வாசகர் ஒரு தனி அளவுகோலால் அளக்கலாம். நிலத்தைப் பகுத்த நம் திணை மரபு, அதனை ஆளற்ற காட்சியாக என்றுமே பகுத்ததில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றால், அங்கு வாழ்வோரும் அவர்தம் தொழிலும் உணவும் கருப்பொருள்; அவர்தம் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். முதற்பொருளோடு நின்றுவிடும் எழுத்து பாதி எழுத்தே. இவ்வளவுகோலைக் கொண்டு மூவரை நோக்குதல் பயனுடையது.

முதலாமவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், 1884 ஏப்ரல் 22ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, 1886 டிசம்பர் 17ஆம் நாள் யோக்கஹாமாவில் பயணத்தை முடித்தார். முன்சக்கரம் மிகப் பெரிதாக அமைந்த பழைய வகை வண்டி அவருடையது. மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் எனப் போற்றப்படுபவர் இவரே. அவருடைய பயணநூல் 1887, 1888ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

நெவாடாவில் அவர் சென்ற வழி ஹம்போல்ட் ஆற்றின் பள்ளத்தாக்கு. கடலைச் சேராமல் வறண்ட நிலத்திலேயே மறைந்துவிடும் ஆறு அது. சாம்பல்நிறப் புதர்கள் மண்டிய அவ்வெளியில் நல்ல சாலை இல்லாத இடங்களில் இரயில் பாதையே அவருக்குத் துணையாயிற்று. அமெரிக்கப் பகுதியின் வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். இத்தகைய உடல் உழைப்பையும் மனவுறுதியையும் பாராட்டாமல் இருக்க முடியாது. வழியின் தன்மை, மேட்டின் ஏற்றம், மண்ணின் இறுக்கம் ஆகியவற்றை இவ்வளவு நுட்பமாகப் பதிவு செய்தவர் அக்காலத்தில் அரியர்.

ஆயினும், அந்நூலில் மனிதர் இருக்கும் இடம் யாது? சியரா நெவாடா மலையைக் குடைந்து அவ்விரயில் பாதையை இட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். 1869இல் முடிவுற்ற அப்பணியில் உயிரிழந்தோர் பலர். பாதை இட்ட கைகளின் வரலாறு மலாயாத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அக்கைகளின் துயரம் ஸ்டீவன்சின் நூலுக்கு மையமாகவில்லை. துருக்கியிலும் பாரசீகத்திலும் ஊர் மக்கள் அவரைச் சூழ்ந்து, வண்டியை ஓட்டிக் காட்டுமாறு வற்புறுத்துகின்றனர். அவர்கள் பெரும்பாலும் ஒரு கூட்டமாகவே வருகின்றனர். தனி மனிதராக வருவோர் சிலரே. இதற்குக் காலத்தின் மனப்பான்மை ஒரு காரணம். நூலின் வடிவம் மற்றொரு காரணம். 'அவுட்டிங்' என்னும் இதழின் செய்தியாளராக எழுதியவர் அவர். ஒவ்வொரு பகுதியிலும் கடந்த மைலும் நேர்ந்த இடரும் இருந்தாக வேண்டும். வடிவம் கேட்டதை அவர் கொடுத்தார். உயர்ந்த சக்கரத்தின் மீதிருந்து பார்த்த பார்வை, எழுத்திலும் மேலிருந்து பார்க்கும் பார்வையாகவே அமைந்துவிட்டது.

இரண்டாமவர் டெர்வ்லா மர்ஃபி (1931-2022). அயர்லாந்தில் லிஸ்மோர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பத்தாம் பிறந்தநாளில் ஒரு மிதிவண்டியும் ஒரு நிலப்பட நூலும் பரிசாகக் கிடைக்க, இந்தியாவுக்கு மிதிவண்டியில் செல்வதெனச் சில நாட்களிலேயே முடிவு செய்தார். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தி, நோயுற்ற தாயைப் பேணினார். தாய் 1962இல் மறைந்தபின், 1963 ஜனவரியில் கடுங்குளிரில் புறப்பட்டார். ஜூலையில் டில்லியை அடைந்தார். டான் குயிக்ஸோட்டின் குதிரையை நினைவூட்டும் வகையில் தம் வண்டிக்கு 'ராஸ்' என்று பெயரிட்டார். ஆசியச் சாலைகளைத் தாங்காது எனக் கருதி, பற்சக்கர மாற்றியைக் கழற்றிவிட்டே கிளம்பினார். 'ஃபுல் டில்ட்' என்னும் அவருடைய நூல் 1965இல் வெளிவந்தது.

எர்சுரூமிலிருந்து தப்ரீஸ், டெஹ்ரான், மஷ்ஹத் வரை இவர் சென்றது ஏறத்தாழ ஸ்டீவன்ஸ் சென்ற வழியே. ஸ்டீவன்சை ஆப்கானிய அதிகாரிகள் 1886இல் திருப்பி அனுப்பினர். மர்ஃபியோ 1963இல் ஹெராத்துக்குள் நுழைந்து, காந்தஹார், காபூல், பாமியான் ஆகியவற்றைக் கண்டார். இருவரிடமும் கைத்துப்பாக்கி இருந்தது. இருவரும் வறண்ட நிலத்தின் வெயிலையும் காற்றையும் தாங்கினர். நிலம் ஒன்று, நூல் வேறு. ஒரு தேநீர்க் கடையில் தரையில் அமர்ந்து, கொடுத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் உறங்கும் மர்ஃபி, அந்த வீட்டின் விருந்தினராகவே எழுதுகிறார். ஆப்கானிஸ்தானில் பேருந்தில் செல்கையில் துப்பாக்கிக் கட்டை இடித்து அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. அதன் பின்னும் அந்நாட்டின் மீது அவர் கொண்ட அன்பு குறையவில்லை. நண்பர்களுக்கு அஞ்சலில் அனுப்பிய நாட்குறிப்பே பின்னர் நூலாயிற்று. ஆகவே அன்றைய களைப்பும் அன்றைய மகிழ்ச்சியும் அன்றைய சினமும் ஆறுவதற்கு முன்பே ஏட்டில் ஏறியுள்ளன. அந்நூலின் உயிர்ப்பு அதில்தான் உள்ளது.

அதன் குறையும் அங்கேயே உள்ளது. மோட்டார் வண்டியும் இயந்திர நாகரிகமும் இந்நிலங்களைக் கெடுத்துவிடும் என்று மர்ஃபி மீண்டும் மீண்டும் வருந்துகிறார். வண்டிகள் அற்ற சாலை அவருக்கு இன்பம். ஆனால் அச்சாலையோரம் வாழும் தாய்க்கு, பிள்ளை நோயுற்ற இரவில், மருத்துவமனைக்குச் செல்ல வண்டி இல்லை என்பதும் அதே சாலையின் பொருள்தான். பயணிக்கு அமைதியாகத் தோன்றுவது குடிமக்களுக்கு இல்லாமையாக இருக்கலாம். விருந்தினர் மறுநாள் புறப்பட்டுச் சென்றுவிடுவார்; வீட்டார் அங்கேயே இருந்தாக வேண்டும். நாள்தோறும் எழுதி அனுப்பிய குறிப்பில் இம்மறுபக்கத்தை நின்று சிந்திக்க இடமில்லாமற் போயிற்று. எனினும் 1979இல் சோவியத் படைகள் நுழைவதற்கு முன்பிருந்த ஆப்கானிஸ்தானையும், 2001இல் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலைகள் நின்ற பள்ளத்தாக்கையும் காட்டுவதால், இந்நூல் இன்று ஆவணமாகவும் மதிப்புப் பெறுகிறது.

மூன்றாமவர் பயணி அல்லர், அந்நிலத்திலேயே வாழ்ந்தவர். நியூசிலாந்தின் மத்திய ஒட்டாகோ, அந்நாட்டிலேயே மழை மிகக் குறைந்த பகுதி. அங்கு கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்று மிதிவண்டிக்கும் நடைக்குமென உள்ளது. 1907இல் கிளைடை எட்டிய இரயில் பாதை 1990இல் மூடப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டபின், 2000ஆம் ஆண்டில் புதிய பாதையாகத் திறக்கப்பட்டது. இரயிலுக்கென இட்ட பாதையாதலால் ஏற்றம் மென்மையானது. சுரங்க வழிகளையும் உயர்ந்த பாலங்களையும் கடந்து அது ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் காய்ந்த புல்வெளிகளையும் இணைக்கின்றது. இரயிலோடு தேய்ந்துபோன சிற்றூர்கள், மிதிவண்டிப் பயணிகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்து மீண்டும் பிழைக்கக் கற்றன. வண்டிகள் அற்ற பாதை இங்கு ஊராரின் இல்லாமை அன்று, அவர்களது தொழில்.

அப்பாதையோரச் சிற்றூரான ஒடுரெஹுவாவில் வாழ்ந்தவர் பிரையன் டர்னர் (1944-2025). 2003 முதல் 2005 வரை நியூசிலாந்தின் அரசவைக் கவிஞராக விளங்கிய இவர், மிதிவண்டி ஓட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். இவருடைய கவிதையிலும் கட்டுரையிலும் கடந்த தூரம் பெருமையன்று. ஒரே மலைத்தொடரைப் பருவந்தோறும் பார்த்துப் பழகியவரின் சிக்கனமான சொல் அது. லாமர்மூர் மலைத்தொடரில் பெரிய காற்றாலைத் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் இவரும் ஒருவர்; அத்திட்டம் 2012இல் கைவிடப்பட்டது. அவர் கருத்தை ஏற்காதோர் உண்டு. ஆனால் நிலத்தைப் பற்றி எழுதிய சொல்லுக்கு அண்டை வீட்டாரிடம் விடை கூற வேண்டிய நிலையில் அவர் எழுதினார். ஸ்டீவன்சுக்கும் மர்ஃபிக்கும் அக்கடமை இல்லை.

கடந்து செல்பவர், விருந்தினர், குடியிருப்பவர் என மூவரின் நிலையும் மூன்று. குடியிருப்பவரே உயர்ந்தவர், ஏனையோர் தாழ்ந்தவர் என முடிவு கட்டுதல் தவறு. குடியிருப்பவர் கண்ணுக்குப் பழகிப்போனதை வழிப்போக்கர் புதிதாய்க் காண்பதும் உண்டு. ஹம்போல்ட் ஆற்றின் வழியை ஸ்டீவன்ஸ் கண்டது அவ்வாறே. இந்த நிலையில் நின்றுகொண்டு எதைக் காண முடிந்தது, எதைக் காணாமல் விட்டேன் என்னும் உணர்வு எழுத்தாளருக்கு இருந்ததா என்பதே கேள்வி. அவ்வுணர்வு மர்ஃபியிடம் ஸ்டீவன்சைவிட மிகுதி. டர்னரிடம் அது முழுமை பெறுகிறது.

நம் பள்ளிகளில் மாணவர் எழுதும் பயணக் கட்டுரை பெரும்பாலும் அதிகாலைப் பேருந்தில் தொடங்கி, பார்த்த இடங்களை அடுக்கி, களைப்போடு வீடு திரும்புவதில் முடிகிறது. அது ஸ்டீவன்சின் மைல் கணக்கைப் போன்றது. அவர் பட்ட பாடு மட்டும் அதில் இல்லை. ஆசிரியர் ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். தொலைதூரச் சுற்றுலாவை விடுத்து, மாணவர் நாள்தோறும் மிதிவண்டியில் செல்லும் ஒரு கிலோமீட்டர் வழியைப் பற்றி எழுதச் சொல்லலாம். அவ்வழியை இட்டவர் யார், அதனோரம் வாழ்பவர் யார், அவர்களுக்கு அச்சாலை எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டறிந்து எழுதச் சொல்லலாம். அந்த ஒரு கிலோமீட்டரில் மனிதரைக் கண்ட மாணவர், பின்னாளில் எந்தப் புல்வெளியைக் கடந்தாலும் அதனை ஆளற்ற நிலம் என்று எழுதமாட்டார்.