ஊர்வசி துணை நடிகையா?

2025 ஆகஸ்டில் 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தபோது, மலையாளப் படமான ‘உள்ளொழுக்கு’க்காக ஊர்வசிக்குச் சிறந்த துணை நடிகை விருது கொடுத்தார்கள். முதன்மை, துணை என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். எந்தப் பிரிவானால் என்ன, தேசிய விருதுதானே, வாங்கிக்கொண்டு போகலாமே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

துணை நடிப்புக்குத் தனி விருது வேண்டியதுதான். அது 1984இல் வந்ததால்தான் ‘புதிய பாதை’ மனோரமாவுக்கும் ‘நம்ம கிராமம்’ சுகுமாரிக்கும் தேசிய விருது கிடைத்தது.

ஆனால் ‘உள்ளொழுக்கு’ படத்தில் ஊர்வசி ஏற்ற லீலாம்மா துணைப் பாத்திரமா? குட்டநாட்டில் வெள்ளம் வீட்டுக்குள் நிற்கிறது. மகன் இறந்து கிடக்கிறான். நீர் வடியட்டும், குடும்பக் கல்லறையில்தான் அடக்கம் என்று அவள் பிடிவாதமாக நிற்பதால்தான் அந்தப் படத்துக்குக் கதையே. மருமகள் வயிற்றில் மகனின் பிள்ளை வளர்கிறது என்று அந்தத் துக்கத்திலும் பூரிக்கிறாள். அவன் பிள்ளையில்லை என்று தெரிந்தபின், தண்ணீர் சூழ்ந்த அதே வீட்டில் அதே மருமகளோடு இருந்தாக வேண்டும். மருமகளாக நடித்த பார்வதி திருவோத்துவும் ஊர்வசியும் ஆளுக்குப் பாதி சுமந்த படம் அது. இதே நடிப்புக்குக் கேரள அரசு சிறந்த நடிகை விருதே கொடுத்தது.

ஊர்வசியின் 2005ஆம் ஆண்டுப் படத்துக்கும் இதுதான் நடந்தது. ‘அச்சுவின்டெ அம்மா’ என்று படத்தின் பெயரிலேயே அம்மா இருக்கிறாள். அந்த அம்மாவாக நடித்தவருக்குத் துணை நடிகை விருது! இந்த முறை ‘பூக்காலம்’ படத்தில் நூறு வயதுக் கிழவராக நின்று கதையைத் தாங்கிய விஜயராகவனும் துணை நடிகர், ‘பார்க்கிங்’ எம்.எஸ். பாஸ்கரும் துணை நடிகர். நடுவர்கள் பாத்திரத்தை அளக்கவில்லை, நடிப்பவரின் வயதைத்தான் அளக்கிறார்கள். அம்மா, மாமியார், தாத்தா என்றால் ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள்.

‘தென்மேற்குப் பருவக்காற்று’ வீராயிக்காகச் சரண்யா பொன்வண்ணனுக்குச் சிறந்த நடிகை விருது தரவில்லையா என்பார்கள். தந்தார்கள். அம்மா வேடத்துக்கும் அதைத் தர முடியும் என்று தெரிந்தவர்கள் இப்போது செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

‘முந்தானை முடிச்சு’ படத்தில் பரிமளமாக வரும் ஊர்வசி பச்சைக் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்யும் இடத்தில், வெள்ளிமலையில் எங்கள் வீட்டுப் பெண்கள் இன்றும் டிவியைப் பார்த்து வைவார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுக்காகவே அழுவார்கள். 1983இலேயே அப்படி ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தியவர், 2024இல் ‘ஜே பேபி’யையும் நிறுத்தினார். காணாமல்போன தாயைத் தேடிப் பேசிக்கொள்ளாத இரு மகன்கள் கொல்கத்தா போகிறார்கள். அவர் திரையில் இல்லாதபோதும் கதை அவரைத்தான் சுற்றுகிறது. இத்தகைய அம்மாவையும் துணைப் பட்டியலில் எழுதினால், ஐம்பதைக் கடந்த நடிகைக்கு முழுப் படம் எழுத எந்த இயக்குநர் துணிவார்? பிரிவை எப்படி முடிவுசெய்தோம் என்று நடுவர் குழு ஒரு பத்தியாவது எழுதி வெளியிடட்டும். ஊர்வசி கேட்டது அதைத்தான்.