அடிக்குறிப்பில் அடங்கிய மக்கள்

தனிமனிதன் செயலில் சமுதாயத்தின் கை உண்டு என்பதற்குச் சமூகவியல் கற்கப் புகுவோர்க்குக் காட்டப்பெறும் நூல், பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1897-இல் வெளியிட்ட ‘தற்கொலை’. கத்தோலிக்கரிடையே அது குறைவு, பிராட்டஸ்டண்டுகளிடையே மிகுதி என எண்களால் காட்டி, ஒருவன் தனக்கே உரியதெனக் கருதும் முடிவிலும் அவன் சார்ந்த கூட்டத்தின் இயல்பே தெரிகிறது என்றார். அரிய உழைப்பு; மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஒரு குறை. பிணைப்புத் தளர்தல், பிணைப்பு மிகுதல், நெறி குலைதல் ஆகிய மூன்றுக்கும் நீண்ட இயல்கள் வகுத்தவர், கடும் அடக்குமுறையால் நேரும் நான்காவது வகையை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிட்டார். அடிமைகளை அதில் குறிப்பிட்டும், இக்காலத்தில் அதற்கு முக்கியத்துவம் குறைவு என்று விட்டார். மாணவரும் முதல் மூன்றையே மனப்பாடம் செய்கின்றனர்!

அவர் எழுதிய அந்நாளிலேயே பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இந்தியர் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தனர். 1903 முதல் தமிழரும் அங்கே சென்றனர். அவர்களிடையே தற்கொலை மிகுந்திருந்ததை 1916-இல் ஆண்ட்ரூஸும் பியர்சனும் தம் அறிக்கையில் எடுத்துரைத்தனர். அதிகாரிகளோ, பெண்கள் பொருட்டு எழுந்த பொறாமையே காரணம் எனத் தொழிலாளியின் குணத்தின்மீது பழியைப் போட்டனர். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என விதி வகுத்துக் கப்பலேற்றியது தொழிலாளி அல்லவே.