பாண்டியன் அவையும் பழவங்காடித் தெருவும்

ஆற்றுக்கால் பொங்காலை அன்று எங்கள் பாத்திரக் கடையைத் திறப்பதில்லை. திறந்தாலும் உள்ளே வர வழியிருக்காது. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்பிருந்து கிழக்கேகோட்டை வரை மூன்று செங்கல், ஒரு பானை என்று அடுப்புகள் வரிசை பிடித்திருக்கும். அந்த அடுப்பில் எப்போது தீ மூட்டலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. கோயிலில் தோற்றம்பாட்டாகக் கண்ணகி கதை பாடப்படுகிறது. பாண்டியன் மாளும் பகுதி பாடி முடிந்த பிறகுதான் தீ. தவறான தீர்ப்புச் சொன்ன ஓர் அரசன் விழுந்த பிறகே இந்த ஊரில் பொங்கல் பொங்குகிறது என்பதை, ஆண்டுதோறும் பார்க்கிற நாமே அதிகம் யோசிப்பதில்லை.

சென்ற முறை பொங்காலைக்கு என் தங்கை மகள் வந்திருந்தாள். மக்களாட்சி அரசியலில் பிறருடைய ஒழுக்கத்தை நாம் எடைபோடுவது சரியா, எந்த அளவுக்குச் சரி என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். "மாமா, அரசியல்வாதி நல்லவனா கெட்டவனான்னு பார்க்கிறதே தப்புன்னு ஒரு கட்சி. அதைப் பார்க்காம ஓட்டே போடக்கூடாதுன்னு இன்னொரு கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்துவிட்டவன் நான். சிலப்பதிகாரத்தைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தவன். அன்று அவளுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்ட ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

நம் பட்டிமன்ற மேடைகளில் சிலம்பு என்றால் "குற்றவாளி பாண்டியனா, பொற்கொல்லனா, கோவலனா" என்றுதான் தலைப்பு வைக்கிறோம். நடுவர் இரண்டு பக்கமும் பேசிவிட்டு மணியடித்து ஒரு தீர்ப்புச் சொல்லுவார். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நானும் இரண்டு முறை பேசியிருக்கிறேன். ஆனால் இளங்கோவடிகள் யார் குற்றவாளி என்று மட்டும் கேட்பதற்காகவா அத்தனை நுணுக்கமாக எழுதினார்? ஒரு தவறான தீர்ப்பு எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்பதை அவர் காட்டியிருக்கிறார். அதை நாம் விட்டுவிடுகிறோம்.

கொலைக்களக் காதையை மெதுவாகப் படித்துப் பாருங்கள். அரசி ஊடல் கொண்டிருக்கிறாள், அரசன் அவளைத் தேடிப் போகிற அவசரத்தில் இருக்கிறான். வழியில் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு ஆணையிட்டுவிடுகிறான். இது எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்து நடப்பதுதான் முக்கியம். காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்று ஒருவனுக்குத் தயக்கம் வருகிறது. அந்த இடத்தில் பொற்கொல்லன் என்ன செய்கிறான்? கோவலன் திருடினான் என்பதற்கு ஒரு சான்றும் தரவில்லை. சிரித்துவிட்டு, திருடர்கள் பொதுவாக எப்படிப்பட்டவர்கள், மந்திரம் மருந்து தந்திரம் என்று அவர்களுக்கு என்னென்ன கருவிகள் உண்டு என்று பெரிய வகுப்பே எடுக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு காவலன், தான் முன்பு பட்ட திருட்டு அனுபவம் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறான். இந்த மனிதனைப் பற்றி ஒன்றுமே பேசப்படவில்லை. ஆனாலும் தயக்கம் போய்விட்டது. அதற்குள் கல்வியறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

'இவன் செய்தானா' என்று தொடங்கிய கேள்வி, 'இப்படிப்பட்டவர்கள் எப்படி இருப்பார்கள்' என்று மாறிவிட்டது. மாறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. பிறர் ஒழுக்கத்தை எடைபோடுவதில் உள்ள முழு ஆபத்தும் இந்த ஒரு மாற்றத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இதே மாற்றம் நம் ஊரிலேயே நடந்தது. 1994 அக்டோபர் 20-ஆம் தேதி மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா என்ற பெண்ணைத் திருவனந்தபுரத்தில் கைது செய்தார்கள். அனுமதிக் காலம் முடிந்த பிறகும் தங்கினார் என்பதுதான் முதலில் குற்றச்சாட்டு. சில வாரங்களில் அது வேறாக வளர்ந்தது. இஸ்ரோவின் ராக்கெட் ரகசியங்கள் விற்கப்பட்டன, கிரையோஜெனிக் இயந்திர வரைபடங்கள் போய்விட்டன என்றார்கள். நவம்பர் 30-ஆம் தேதி அந்தத் திட்டத்தின் பொறுப்பில் இருந்த நம்பி நாராயணன் கைதானார். நாகர்கோவிலில் பிறந்த தமிழர், விகாஸ் இயந்திரம் உருவாகப் பாடுபட்டவர். ஐம்பது நாள் சிறையில் இருந்தார். சசிகுமாரன் என்ற விஞ்ஞானி, ஃபௌசியா ஹசன் என்ற இன்னொரு மாலத்தீவுப் பெண், பெங்களூரைச் சேர்ந்த சந்திரசேகர், சர்மா என்று பட்டியல் நீண்டது.

கிரையோஜெனிக் இயந்திரத்தை அப்போது இந்தியா செய்து முடித்திருக்கவே இல்லை. ரஷ்யா அந்தத் தொழில்நுட்பத்தைத் தருவதாக இருந்தது, அமெரிக்க நெருக்கடியால் 1993-இல் பின்வாங்கியது. நம்மிடம் இல்லாத சரக்கை யார் யாருக்கு விற்பது? ஒரு வியாபாரிக்குக்கூட எழ வேண்டிய இந்தக் கேள்வி சாலைக் கடைத்தெருவில் எங்களில் ஒருவருக்கும் எழவில்லை. நாங்கள் பேசியது முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றி. ஓட்டல் அறை, உடை, யார் யாரோடு பார்த்தார்கள் என்று பத்திரிகைகள் தினம் ஒரு தொடர்கதை போட்டன. தனியாக ஊர்விட்டு ஊர் வரும் பெண்கள் எப்படிப்பட்டவர்கள், ஒற்றர்கள் எப்படி வலை விரிப்பார்கள் என்று டீக்கடையில் வகுப்பெடுக்காதவர் இல்லை. பொற்கொல்லன் நடத்திய அதே பாடம்தான்.

தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பங்கும் உண்டு. அதை நாம் வெளியில் பேசுவதில்லை. "நம்ம ஆளு இப்படிப் பண்ணி மானத்தை வாங்கிட்டானே" என்பதுதான் அன்று பழவங்காடித் தமிழ் வியாபாரிகள் பலர் வாயில் வந்தது. மலையாளி அண்டைவீட்டார் நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். வெளியூரில் பிழைப்பவனுக்கு அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தால், மற்றவர்களைவிட நாலடி முன்னால் ஓடிப்போய் நம் ஆளைக் கைகழுவினோம். அறச்சீற்றம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டதில் பாதி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரம்.

அரசியலுக்கு வருவோம். ஒரு காவல்துறை உயர் அதிகாரியைக் காப்பாற்றுகிறார் என்று முதலமைச்சர் கே. கருணாகரன் மீது பழி விழுந்தது. எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சியின் எதிர் அணிதான் அதைப் பலமாகப் பிடித்துக்கொண்டது. 1995 மார்ச்சில் அவர் பதவி விலகினார், ஏ.கே. அந்தோணி முதல்வரானார். மறுவருடம் சிபிஐ, ஒற்று வேலை எதுவும் நடக்கவில்லை, குற்றச்சாட்டு பொய் என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம், மாநில அரசு மறுபடி விசாரிக்க முயன்றதை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 14-ஆம் தேதி, நம்பி நாராயணனின் கைது தேவையற்றது என்று கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழுவும் அமைத்தது. (பெயரைப் பார்த்துவிட்டு "அப்பா, கடைசியில உங்க ஆளுதான் வந்திருக்கார்" என்று என் மகன் சிரித்தான்.) கருணாகரன் 2010-இலேயே இறந்துவிட்டார். சந்திரசேகர் அந்தத் தீர்ப்பு வந்த சில நாட்களில், அதை அறியும் நிலையில் இல்லாமலே, மறைந்தார்.

இது புதிதும் அல்ல. நான் சிறுவனாக இருந்தபோது சாலையில் பெரியவர்கள் பி.டி. சாக்கோ கதையைச் சொல்வார்கள். ஆர். சங்கர் அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். 1963 டிசம்பரில் திருச்சூர்ப் பக்கம் அவருடைய கார் ஒரு கைவண்டியில் மோதியது. காரில் ஒரு பெண் இருந்தார் என்பதே பேச்சாகிவிட்டது. அவர் கட்சியில் வேலை செய்தவர் என்ற விளக்கம் எடுபடவில்லை. 1964 பிப்ரவரியில் சாக்கோ பதவி விலகினார், ஜூலை முடிவில் மாரடைப்பால் போனார். வயது 49. அவர் ஆதரவாளர்கள் பதினைந்து பேர் பிரிந்து நின்றதால் செப்டம்பரில் சங்கர் மந்திரிசபை கவிழ்ந்தது, அக்டோபரில் கேரள காங்கிரஸ் பிறந்தது. கைவண்டிக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குக் கதை சொன்ன எவரும் சொல்லவில்லை. அமைச்சரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதானே?

"அப்போ யாரையும் எதுவும் சொல்லக்கூடாதா மாமா?" என்று அவள் மடக்கினாள். எங்கள் சமயத்தில் ஸ்யாத்வாதம் என்று ஒன்று உண்டு. எந்தக் கூற்றையும் 'ஒரு வகையில்' என்ற எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும் என்பது. அதை நம்பினால் தீர்ப்பே சொல்ல முடியாது என்று பலர் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடமலையாறு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்வாரிய ஒப்பந்தத்தில் முறைகேடு என்று முன்னாள் அமைச்சர் ஆர். பாலகிருஷ்ண பிள்ளை மீது வழக்கு. 1999-இல் தனி நீதிமன்றம் தண்டித்தது, 2003-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2025-இல் காலமான வி.எஸ். அச்சுதானந்தன் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2011 பிப்ரவரியில் ஓராண்டுக் கடுங்காவல் உறுதியானது. வி.எஸ்.ஸின் அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆனால் அந்த வழக்கில் பேசப்பட்டது ஒப்பந்தம், தொகை, கோப்பு. பிள்ளை எப்படிப்பட்ட மனிதர், வீட்டில் எப்படி என்பது அங்கே வேலைக்கு ஆகவில்லை. 'இந்தச் செயலில், இந்தச் சான்றின்படி' என்று சொல்லப்பட்ட தீர்ப்பு அது. 'ஒரு வகையில்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அவள் இரண்டு மேல்நாட்டார் பெயரைச் சொன்னாள். ஒருவர் மாக்ஸ் வேபர். அரசியலில் இறங்குபவனுக்கு உள்ளத் தூய்மை மட்டும் போதாது, விளைவுக்குப் பொறுப்பேற்கும் அறமும் வேண்டும் என்று 1919-இல் மியூனிக்கில் பேசினவர். சரி, தலைவனுக்கு அது பொருந்தும். அவனைப் பழிக்கிற குடிமகனுக்குப் பொருந்தாதா? தன் பேச்சின் விளைவுக்கு அவனும் பொறுப்பாக வேண்டாமா? இந்த இடத்தில் வேபர் பாதிவழியில் நின்றுவிட்டதாக எனக்கு ஒரு குறை. இன்னொருவர் ஜூடித் ஷ்க்லார் என்ற அம்மையார், 1984-இல் வந்த புத்தகம். தீமைகளில் கொடுமையை முதலில் வைக்க வேண்டும், பாசாங்கைத் துரத்துவதிலேயே மூழ்கினால் கொடுமை கண்ணில் படாது என்கிறார். இவர் சிலம்பு படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஏனென்றால் சிலம்பின் உரைபெறு கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. கண்ணகியைச் சாந்தப்படுத்த, அடுத்து வந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலிகொடுத்தான். ஒருவன் செய்த பிழைக்கு ஆயிரம் பேர்! நீதியை நிலைநாட்டுகிறோம் என்ற பெயரிலேயே அதைவிடப் பெரிய கொடுமை. நம் பட்டிமன்றங்கள் இந்தப் பக்கமே வருவதில்லை.

எங்கள் கவுந்தியடிகளையும் நான் விட்டுவிட மாட்டேன். கோவலனையும் கண்ணகியையும் தம் மக்கள் என்று அவர் சொல்ல, வம்பர் இருவர் அதைக் கேலி செய்கிறார்கள். சமணத் துறவி கோபப்பட்டு அவர்களை நரியாகச் சபித்துவிடுகிறார். அறியாமல் பேசிவிட்டார்கள், பொறுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் கேலிக்கு ஆளான கோவலனும் கண்ணகியும்தான். உடனே சாபத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று கெடு வைக்கிறார் கவுந்தி. கெடு வைத்த தண்டனை. 1994-இல் நாம் சொன்னதற்குக் கெடுவே இல்லை.

'ராக்கெட்ரி' படம் 2022-இல் வந்தபோது பழவங்காடியில் எல்லோரும் பார்த்துவிட்டுக் கண்கலங்கினார்கள். 1994-இல் பேசின அதே வாய்கள். இப்போது போலீஸ்காரர்கள் மொத்தமும் அரக்கர்கள். தீர்ப்பு மாறியிருக்கிறது, தீர்ப்புச் சொல்லும் வேகம் மாறவில்லை. பாண்டியன் தன் தவறு தெரிந்த கணத்தில் தானே தன்னைக் கள்வன் என்று கருதி அரியணையில் சாய்ந்தான். மக்களாட்சியில் நாம் எல்லோரும் மன்னர் என்கிறோம், சரி. செங்கோல் வளைந்தால் யார் சாய்வது? நம்பி நாராயணனுக்கு 2020-இல் மாநில அரசு மேற்கொண்டு கொடுத்த ஒரு கோடியே முப்பது லட்சம் ரூபாய் பொதுப்பணம். என் கடை கட்டிய வரியிலும் ஒரு துளி அதில் போயிருக்கும். அவ்வளவுதான் நாங்கள் செலுத்திய தண்டம், அதுவும் எங்களுக்குத் தெரியாமல்.

மரியம் ரஷீதாவுக்கு அதுவும் இல்லை. 1998 வரை அவரும் ஃபௌசியாவும் சிறையில் இருந்தார்கள். ஃபௌசியா 2022-இல் இறந்தார். படத்துக்குக் கண்கலங்கினவர்களில் யாரும் இந்த இருவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

தங்கை மகளிடம் சொல்லாமல் விட்டது இது. அந்த நாட்களில் மாலத்தீவிலிருந்து மருத்துவத்துக்கும் படிப்புக்கும் நிறையப் பேர் இங்கே வந்து வீடெடுத்துத் தங்குவார்கள். சாலையில்தான் பாத்திரம் வாங்குவார்கள். பேரம் பேசத் தெரியாத, மரியாதையான ஜனங்கள். ஒரு இளம் தம்பதி எங்கள் கடையில் குக்கரும் இரண்டு அடுக்குப் பாத்திரங்களும் சொல்லி முன்பணம் கொடுத்திருந்தார்கள். சரக்கு வந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரம் அவர்கள் வந்தபோது, கடையில் வேறு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சரக்கு வரவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு மேல் தட்டில் அட்டைப்பெட்டியோடு இருந்த குக்கரைப் பார்த்தாள். அந்த வருடப் பேரேடு இன்னும் பரணில் இருக்கிறது. 'மாலி, முன்பணம் திருப்பியது, ரூ. 200' என்று என் கையெழுத்தில் ஒரு வரி.