டாம் லேரரைக் கேட்பது எப்படி?

டாம் லேரர் என்றதும் பலரும் தனிமங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கும் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அது வாய்ஜாலம், மெட்டும் கில்பர்ட் – சல்லிவன் இசை நாடகத்திலிருந்து எடுத்தது. அதை அப்புறம் பார்க்கலாம். பூங்காப் புறாக்களுக்கு விஷம் வைக்கும் பாட்டில் தொடங்குங்கள். முதலில் பியானோவை மட்டும் கேளுங்கள். வசந்தகாலக் காதல் பாட்டு என்றே தோன்றும். மறுமுறை வரிகளோடு கேளுங்கள். குரலில் துளி விஷமம் இருக்காது. சிரிக்கச் சொல்லி அவர் கண்ணடிப்பதே இல்லை. அவருடைய வித்தையில் பாதி அதுதான்.

1928-இல் நியூயார்க்கில் பிறந்தவர், 18 வயதில் ஹார்வர்டில் கணிதப் பட்டம் வாங்கினார். 1953-இல் 15 டாலருக்கு ஸ்டூடியோ பிடித்துப் பாடி, 400 இசைத்தட்டுகள் போட்டுத் தானே விற்றார். பிறகு மேடையை விட்டு, சான்டா குரூஸில் 2001 வரை கணக்கும் இசை நாடகமும் சொல்லிக்கொடுத்தார். 2025-இல், 97 வயதில் காலமானார்.

பாட்டுக்குள்ளும் கணக்கு வாத்தியார்தான். அன்றைய பள்ளிகளின் 'புதிய கணித'த்தைக் கிண்டல் செய்யும் பாட்டில் 342-இலிருந்து 173-ஐக் கழிக்கிறார், 169. அதே கணக்கை எட்டடிமான எண்ணில் போட்டால் 147. பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து சரிபாருங்கள், இரண்டும் சரி! கிண்டலுக்காகக் கணக்கைத் தப்பாகப் போடுவது அவருக்கு ஆகாது. குறும்புக்கும் குறைவில்லை: ஆய்வுத் திருட்டைப் பற்றிய தன் பாட்டில் வரும் கற்பனைக் கட்டுரையை, 1957-இல் ராணுவப் பணியில் இருந்தபோது எழுதிய நிஜ ஆய்வறிக்கையின் மேற்கோள் பட்டியலில் நுழைத்துவிட்டார்.

2022-இல் தன் பாட்டுகளின் எல்லா உரிமைகளையும் பொதுவுக்கு விட்டுவிட்டார். எனவே காசு கொடுக்காமலே தேடிக் கேட்கலாம்.

கடைசியாக வெர்னர் ஃபான் பிரவுன் பாட்டு. ஹிட்லருக்கு வி-2 ராக்கெட் செய்து கொடுத்தவர், போருக்குப் பின் நாசாவின் நாயகனான கதை. நம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்பார்களே, அசல் அதுதான்: மேலுக்கு மெச்சல், உள்ளே வசவு. 1965-இல் வந்த இசைத்தட்டில் இருப்பது சான் பிரான்சிஸ்கோ அரங்கப் பதிவு. லண்டன் விதவைகள் ஓய்வூதியம் பெறுவதே இவர் புண்ணியத்தில்தான் என்று அவர் பாடும் இடத்தில், அரங்கம் எப்படிச் சிரிக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.